எடைக்கல் அக்காவும் இறுக்கியும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருக்கிறது. மோட்டார்சைக்கிள் பட்டறைகள் வரிசை கட்டி நிற்கும் அந்தத் தெருவில் அவள் எடைக்கல் அக்கா. ஒரு பெண்ணை இப்படியா கூப்பிடுவார்கள் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். அவளும் முதலில் சுளித்தவள்தான். பிறகு அந்தப் பெயர் எந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டதென்றால், யாராவது மரியாதையாக 'அம்மா' என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாள்.

பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர் அவள் வீட்டுக்காரர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: இறுக்கி. கஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். மோட்டார்சைக்கிள்களை வேனில் ஏற்றி, இறுக்கிக் கட்டி, கீறல் படாமல் வேறு ஊரில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் தொழில். கல்யாணமான புதிதில் அவரிடம் ஒரு கையாள் இருந்தான். ஒருநாள் காலை அவன் வரவில்லை. அவனும் எங்கோ போய்க் கல்யாணம் செய்துகொண்டான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வேனுக்குள் ஒரு கனத்த வண்டி கட்டாமல் நிற்கிறது. வாசலில் புதுப்பெண் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறாள். இறுக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் எடை எவ்வளவு இருக்கும்?"

கட்டின மனைவியிடம் கேட்கிற கேள்வியா அது? பட்டறைக்காரர்கள் எல்லாம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் அவள், தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு.

"ஏறி அந்த வண்டி மேல உக்காரு. சொல்றேன்."

விஷயம் இதுதான். வேனுக்குள் முன்சுவரை ஒட்டி, தரையோடு முடுக்கிய ஒரு இரும்புக் கவட்டை இருக்கும். முன்சக்கரம் அதற்குள் போய் உட்காரும். ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு பக்கமும் துணி வளையம் மாட்டி, அதிலிருந்து பெல்ட்டைத் தரை மூலையில் இருக்கும் வளையங்களுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். சும்மா கட்டினால் போதாது. முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஃபோர்க் பாதி அமுங்கி நிற்க வேண்டும். அமுக்காமல் விட்டால் முதல் பள்ளத்திலேயே வண்டி துள்ளும், பெல்ட் தொய்யும், கொக்கி கழன்றுவிடும். முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் போய், ஊர் போய்ச் சேர்வதற்குள் தரையெல்லாம் எண்ணெய். அந்தப் பாதி இருக்கிறதே, அதைப் பிடிப்பதற்கு ஒருவர் மேலே உட்கார்ந்து முன்னால் சாய்ந்து அமுக்க வேண்டும். ஒருவர் கீழே இருந்து இழுக்க வேண்டும். அவள் சாய்ந்தாள், அவர் இழுத்தார். அப்படி ஒரு பாதி அதற்குமுன் அவருக்கு அமைந்ததே இல்லையாம். "எடைக்கல்லு மாதிரி கச்சிதம்யா" என்று எதிர்ப்பட்டறையில் அவர் பெருமையடித்துக்கொண்டார். சொல்ல வேண்டுமா? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அந்தக் கையாளைத் தேடவே இல்லை. மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்காரரின் பழைய கால்சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் பலகை போட்டு வண்டியைத் தள்ளி ஏற்றுவார்கள். முன்சக்கரம் கவட்டையில் உட்கார்ந்ததும் அவள் ஏறிக்கொள்வாள். அவர் வந்து சைடு ஸ்டாண்டைக் காலால் மேலே தட்டிவிட்டு, முன்னால் போய்க் குனிவார். "சாய்" என்பார். சாய்வாள். "இன்னும்." சாய்வாள். "போதும்டி, ஃபோர்க்க ஒடிச்சிராத" என்பார். அந்த ஊரில் ஓடிய அத்தனை மோட்டார்சைக்கிளிலும் ஏறி உட்கார்ந்தவள் அவள். ஒன்றில்கூடத் தெருமுனை வரை போனதில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள்.

என்ன நாட்கள் அவை! வண்டியை ஒப்படைக்க வருகிற ஆட்களைப் பார்க்க வேண்டுமே. முரடன் மாதிரி இருப்பவன் பெட்ரோல் டாங்கைத் தடவிக்கொண்டு, பெற்ற பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுப் போகிறவன் போல் மூக்கை உறிஞ்சுவான். "அண்ணே, பாத்து கொண்டு போங்கண்ணே" என்பான். "நீ பத்திரமா வீட்டுக்குப் போ, உன் வண்டியை நான் பாத்துக்கறேன்" என்று இறுக்கி அவனையே அதட்டுவார். மகள் பிறந்த பிறகு அவளும் முன் சீட்டில் நடுவில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனாள். அந்தப் பிள்ளை முதலில் சொன்ன வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, "இக்கு". இறுக்கு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது என்று அப்பனுக்கு ஒரே பூரிப்பு. விக்கல் எடுத்தது என்று தாய் சொன்னாள். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

மழை பிடித்துக்கொண்டால் சாலையோரம் வேனை நிறுத்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்வார்கள். கட்டி வைத்த வண்டிகளுக்கு நடுவே பெட்ரோல் வாசனையில் தூக்கைத் திறந்து மூன்று பேரும் சாப்பிடுவார்கள். கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இருந்தாலும் இறுக்கி திட்டிக்கொண்டே இருப்பார்.

ஆமாம், திட்டு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? வாயைத் திறந்தால் திட்டுத்தான். வேகத்தடை போட்டவனைத் திட்டுவார். பெல்ட் செய்தவனைத் திட்டுவார். "இவன் கட்டின பாலத்துல இவனையே தினம் நாலு தடவை ஓட்டிட்டுப் போகச் சொல்லணும்" என்பார். உப்புக் குறைந்தால் ஒரு திட்டு, உப்பு சரியாக இருந்தால் "நேத்து மட்டும் ஏன் குறைஞ்சுது?" என்று இன்னொரு திட்டு. ஆனால் மனதில் ஒன்றும் இருக்காது. எடைக்கல் அக்காவும் வாயில்லாப் பூச்சி இல்லை. வாய்க்கு வாய் கொடுப்பாள். வேன் ஓட்டக் கற்றதே அந்தத் திட்டுக்குப் பதில் சொல்லத்தான். "நீங்க தூங்குங்க, நான் ஓட்டறேன். அப்பவாவது காது ஓயும்" என்றாள். அவர் தூக்கத்திலும் கிளட்சைப் பற்றி ஏதோ முனகினார்.

அந்த வாய்தான் ஒருநாள் நின்றுபோனது.

காலையில் பல் தேய்க்கும்போது இடது கையிலிருந்து குவளை நழுவியது. பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரி, மருந்து, பயிற்சி எல்லாம் ஆயிற்று. கால் தேறிவிட்டது, கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். பேச்சும் முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. பேச்சில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கைதான் வரவில்லை. பெல்ட்டின் நுனியைப் பிடித்து இழுக்க முடியாது, கொக்கியை மாட்ட முடியாது. வீட்டில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உட்காரட்டும், அதில் அவளுக்கு வருத்தமில்லை. உழைத்த உடம்பு. அவளைக் கலங்க வைத்தது வேறு. அவர் மரியாதையான மனிதராகிவிட்டார். எதைக் கேட்டாலும் "சரி", "ஆகட்டும்", "உன் இஷ்டம்". ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். வாயில் வைத்ததும் அவளுக்கே ஓங்கரித்தது. அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா" என்றார். அவள் சமையலறைக்குள் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அப்படி அழவில்லை. மறுநாள் வேண்டுமென்றே உப்பை அள்ளிக் கொட்டினாள். அதையும் நல்லாயிருக்கு என்றார்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் தினமும் மதியம் போன் செய்வாள். "அம்மா, அப்பாவால இனிமே முடியாது. வேனைச் சும்மா நிறுத்தி வெச்சா துருப்பிடிச்சுப் போகும். ரொட்டிக்கடைக்காரர் ஒருத்தர் கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கச் சொல்லவா?" என்றாள். கேட்டதில் தப்பில்லை. எடைக்கல் அக்கா போனை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். வேன்மேல் எவனாவது சாய்ந்து நின்றாலே எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகம் அது. "ஆகட்டும்மா. நீ எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வேன் போனால் போகிறது. அவளுக்கு அந்த மனிதர் வேண்டும். திட்டுகிற மனிதர். நாற்காலியில் இருப்பவர் யாரோ விருந்தாளி போல இருந்தார். இவரோடு மிச்சக் காலத்தை எப்படித் தள்ளுவது?

எதிர்ப்பட்டறையை இப்போது நடத்துகிற பையன், அவளுக்குத் தம்பி மாதிரி, வெள்ளிக்கிழமை காலை வந்து நின்றான். ஒரு பழைய வண்டியைப் புதிதுபோல் ஆக்கி முடித்திருந்தான். பக்கத்து ஊரில் கொண்டுபோய் விட வேண்டும்.

"வேற வேன்காரங்களக் கேட்டேன்க்கா. கயிறு போட்டுக் கட்டறேங்கிறாங்க. எனக்கு மனசு வரல. நீங்க வண்டிய ஓட்டுங்க, நான் கட்டித் தர்றேன்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். "கட்டறது நான் கட்டறேன். மேல உக்கார ஒரு ஆள் வேணும்."

"நான் உக்கார்றேன்க்கா."

"உன் எடை பத்தாதுடா" என்றாள். அவன் அவளைவிட ஒன்றரை மடங்கு. அவன் வாயைத் திறப்பதற்குள் கண்ணால் அடக்கிவிட்டு, "ஏங்க, நீங்க வர்றீங்களா? சும்மா உக்காந்தாப் போதும்" என்றாள்.

"சரி, ஆகட்டும்" என்றார். அதற்கும் அதே பதில்தான்.

அவளும் தம்பியும் வண்டியை ஏற்றினார்கள். தம்பி தோள் கொடுத்து அவரை வண்டிமேல் உட்கார வைத்தான். அதற்குள் பட்டறையில் யாரோ கூப்பிட, ஓடிவிட்டான். வேனுக்குள் அவர்கள் இருவர் மட்டும். முதல் தடவையாக அவர் மேலே இருந்தார், அவள் கீழே. அவள் குனிந்து வளையத்தை மாட்டினாள். "சாய்" என்று அவர் சொல்லும் குரல் அவள் காதில் தானாகக் கேட்டது. ஆனால் சொல்ல வேண்டியவள் இப்போது அவள். "கொஞ்சம் சாயுங்க" என்றாள். சாய்ந்தார். "இன்னும் கொஞ்சம்." சாய்ந்தார். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணல்லவா? ஃபோர்க் பாதி வந்ததும் அவள் கை தானாக நின்றது. இரண்டு பெல்ட்டையும் கட்டி, ஆட்டிப் பார்த்தாள். மலைபோல் நின்றது. ஏதாவது குறை சொல்லுவார் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாக் கட்டியிருக்கம்மா" என்றார்.

அவரை இறக்கி, முன் சீட்டில் உட்கார வைத்து, வேனை எடுத்தாள். கண்ணாடியில் தெரு மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடிமேல் குறையில்லை, அவள் கண்ணில்தான்.

ஊர் எல்லையைத் தாண்டும் வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு வேகத்தடை வந்தது. ஏறி இறங்கும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். அவர் கழுத்து லேசாகத் திரும்பியது. அடுத்து ஒரு பள்ளம். மறுபடி 'டொக்'. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் இப்போது நேராக நிமிர்ந்து, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டது.

"நிறுத்து" என்றார்.

சொன்ன தோரணையில் அவள் கால் தானாக பிரேக்கை மிதித்தது. மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் நிலையத்தின் முன்னால் வேன் நின்றது. அவள் சுற்றி வருவதற்குள் அவரே இறங்கி, காலை இழுத்துக்கொண்டு பின்னால் போய், ஒற்றைக் கையால் கதவைத் திறந்துவிட்டார்.

சைடு ஸ்டாண்டு கீழே நீட்டிக்கொண்டிருந்தது. மேடு பள்ளத்தில் வண்டி அமுங்கும்போதெல்லாம் அந்த இரும்புக்கால் தரையை இடித்து, தரைப்பலகையில் குழியே பறித்துவிட்டது. இடித்து இடித்து வண்டியை ஒரு பக்கமாக நெம்பியதில் வலது பெல்ட், துணி காயப்போடும் கொடிபோல் தொய்ந்து கிடந்தது. இன்னும் இரண்டு பள்ளம் வந்திருந்தால் தம்பியின் உழைப்பு அத்தனையும் தகரச் சுவரில் சாய்ந்திருக்கும்.

முப்பது வருடம் கூட்டுத் தொழில் செய்தவர்களால் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். ஸ்டாண்டைத் தட்டிவிடுவது கீழே நிற்பவரின் வேலை. மேலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு அது ஒரு வேலை என்றே நினைவில் இல்லை. கீழேயே நின்றவருக்கோ, மேலே ஏறினால் அந்த ஸ்டாண்டு கண்ணில் படாது.

அவர் ஸ்டாண்டைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, உனக்குக் கண்ணு மூஞ்சில இருக்கா, முதுகுல இருக்கா?"

அவள் குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தாள்.

"ஸ்டாண்டு தொங்குது, இவ பெல்ட்ட இறுக்கறா. பச்சப்புள்ளகூடப் பாத்திருக்கும். இத்தனை வருஷமா வண்டி மேல உக்காந்து என்னதான் பண்ணின? தூங்கினியா? கட்டிட்டு ஆட்டிப் பாத்தாளாம், ஆட்டி. ஊஞ்சல்னு நினைச்சியா?"

அந்தப் பாழும் கண்ணீர் எங்கிருந்துதான் வந்ததோ. ஆனால் பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "ஸ்டாண்டத் தட்டி விடறது உங்க வேலை. நான் என்னைக்குத் தட்டினேன்?"

"நான் மேல உக்காந்திருந்தேன்டி. மேல உக்காந்திருக்கறவனுக்குக் கீழ நடக்கறது எப்படித் தெரியும்?"

"அதைத்தான் இத்தனை வருஷமா நானும் சொன்னேன். கேட்டீங்களா?"

"எதுத்துப் பேசாத. இங்க வா, தோளைக் குடு. நான் ஏறி உக்கார்றேன். முதல்ல அந்த எழவு ஸ்டாண்டத் தூக்கு."

அவள் ஸ்டாண்டைத் தூக்கினாள். அவர் வலது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, மார்பையே வைத்து அமுக்கிக்கொண்டு, அங்கிருந்தே ஆட்சி நடத்தினார். "இழு. இன்னும். ஏன், கைல வலு இல்லையா, காலைல சாப்பிடலையா? போதும். போதும்னேன்ல, காத வாடகைக்கா விட்டிருக்க? இடது பக்கம் பாரு. பெல்ட்டு முறுக்கிக்கிட்டு நிக்குது, உங்க அக்கா மாதிரி." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில், கொக்கியைத் தப்பான வளையத்தில் மாட்டிவிட்டாள். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. மகள். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"அம்மா, எங்க இருக்க? யாரோ சத்தம் போடுறாங்களே."

"ரோட்ல இருக்கேன். உங்கப்பாதான்டி."

"அப்பாவா? என்ன ஆச்சும்மா? உடம்புக்கு ஏதாவது…"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல." அவள் போன் பக்கம் குனிந்தாள். "திட்டுறாரு."

வேனுக்குள் அவர் போனை எட்டிப் பார்த்தார்.

"நிஜமாவா?" என்றாள் மகள்.

"ஆமாடி. உங்க பெரியம்மாவக்கூட விடல."

போனில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அம்மா, என்னையும் கொஞ்சம் திட்டச் சொல்லும்மா."

அவர் ஹேண்டில்பார்மேல் சாய்ந்தபடியே போனைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "யாருடி அவன் ரொட்டிக்கடைக்காரன்? வேனை விக்கணும்னு எவ சொன்னா?"

"நீங்கதானேப்பா ஆகட்டும்னு சொன்னீங்க."

"நான் சொன்னா உடனே கேட்டுருவியா? பொறந்ததுலருந்து என்னைக்குடி நான் சொன்னதக் கேட்டிருக்க?"

அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஏம்ப்பா இவ்வளவு நாளா எங்களைத் திட்டவே இல்ல?" என்று கேட்டாள்.

அவர் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார். எடைக்கல் அக்கா பெல்ட்டை விட்டுவிட்டு எழுந்து, அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"கையாலாகாதவன் திட்டினா யாரும்மா கேப்பா?" என்றார்.

"நாங்க கேப்போம்ப்பா" என்றாள் மகள். "திட்டுங்க."